ஏழு எழுத்து

ஆறு மாதத்தில் முடியும் என்றுதான் தொடங்கினோம்,
பழைய பிஎச்பியைக் கழற்றிக் கழற்றிப்
பக்கம் பக்கமாகப் புதியதற்கு மாற்றுவது.
இது மூன்றாவது வருடம்.
பம்பலப்பிட்டியில் ஐந்தாம் மாடி,
கடல் பக்கத்து ஜன்னலில் உப்புப் படிந்துகொண்டே இருக்கிறது.
நோயாளர் பதிவு இன்னும் பழையதில்.
பணம் கட்டுவது ஜாவாஸ்கிரிப்டில்.
வைத்தியர் வராத நாட்களைக் கணக்கிடுவது மட்டும்
பயிற்சிக்கு வந்த பெடியன் ஒருவன் ஆசைப்பட்டதால்
பைதனில்.

பழையதை எழுதிய தனுக்க மெல்பேர்ண் போய்விட்டான்.
விட்டுப்போன குறிப்பு, ஆங்கில எழுத்தில் சிங்களம்:
'மேக அல்லன்ன எப்பா.'
இதைத் தொடாதே என்கிறான், என்று நிலூஷி சிரித்தாள்.
ஏன் என்று எழுதியிருக்கவில்லை.
நாங்களும் தொடவில்லை.
பூனை படுத்திருக்கும் கதிரையைப்போல
சுற்றிப் போனோம்.

முதல் வாரமே ஒரு சைபர் தொலைந்தது.
தொலைபேசி இலக்கங்களின் முன்னால் நிற்கிற சைபர்.
பழையது அதை எழுத்து என்று வைத்திருந்தது,
புதியது எண் என்று எண்ணிவிட்டது.
எண்ணுக்கு முன்னால் சைபருக்கு என்ன வேலை?
நானூறு பேருக்குக் குறுஞ்செய்தி போகவில்லை.
ரிஸ்மி பிளேன்ரீயை ஓரமாய் வைத்து
ஒரு வரியில் திருத்தினான்.
மேலே ஒரு குறிப்பும் போட்டான்: மன்னிக்கவும்.

பிறகுதான் அந்தப் பெயர்.
கொட்டாஞ்சேனைக்காரர், கண் வைத்தியரிடம் வந்தவர்,
பதினான்காம் இலக்கம்.
தன் பெயரைத் தமிழில் தட்டியிருந்தார்:
கொன்ஸ்ரன்ரைன்.
திரையில் வந்தது, கொன்ஸ்ரன்ர,
அடுத்து ஒரு கறுப்பு வைரம்,
வைரத்தின் வயிற்றில் கேள்விக்குறி.
தாதி வாயைத் திறந்தாள், யோசித்தாள்,
பதினைந்தைக் கூப்பிட்டாள்.
தன் பெயர் வரும் வரும் என்று
ஐந்தே முக்கால் வரை இருந்திருக்கிறார் மனிதர்.
அதற்குள் வைத்தியர்
கொள்ளுப்பிட்டி ஆஸ்பத்திரிக்குப் போயாயிற்று.

அன்றிரவு மூவரும் வீட்டுக்குப் போகவில்லை.
இந்தப் பெயர் எவ்வளவு நீளம் என்று கேட்டோம்.
புதியது சொன்னது, பதின்மூன்று.
பழையது சொன்னது, முப்பத்தொன்பது.
தனுக்க கட்டிய பெட்டியில் இடம் முப்பத்திரண்டு.
பத்துக் குறிகள் ஒழுங்காய் ஏறியிருக்கின்றன.
பதினோராவது, அந்த ஐகாரக் கொம்பு,
நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறுகிறவனைப்போல
மூன்றில் இரண்டு பங்கு உள்ளே,
மிச்சம் புட்போட்டில்.
பஸ் எடுத்துவிட்டது.

நான் விரல் விட்டுப் பார்த்தேன், பாலர் வகுப்பில்போல:
கொ, ன், ஸ், ர, ன், ரை, ன்.
ஏழு.
யாரும் பொய் சொல்லவில்லை.

நிலூஷி தன் பெயரைச் சிங்களத்தில் போட்டாள்.
பதினெட்டு. 'எனக்கு இடம் இருக்கு' என்றாள்,
ஆனாலும் சிரிக்கவில்லை.
ரிஸ்மி ஆங்கிலத்தில்தான் தட்டுவான் எப்போதும்,
ஐந்து என்றால் ஐந்து, எவரிடம் கேட்டாலும்.
தனுக்க தன் பெயரைக்கூட
தன் எழுத்தில் போட்டுப் பார்த்திருக்க மாட்டான்.

தொடாதே என்றதைத் தொட்டேன்.
முப்பத்திரண்டை இருநூறாக்கினேன்.
விடிய ஆஸ்பத்திரியின் அச்சுப்பொறி
வாயடைத்து நின்றது. அதற்கும்
முப்பத்திரண்டுதான் கொள்ளுமாம்.
ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது.
பெயரைப் படமாக வரைந்து அச்சுக்கு அனுப்ப
இன்னொரு துண்டு எழுதினோம்,
வேறு வழியில்லை, பைதனில்.
எப்ப எல்லாம் ஒரே மொழியாகும் என்று
மேலாளர் கேட்டார்.
வருடக் கடைசியில் என்றோம்,
எந்த வருடம் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அவர் மறுபடி பதிந்தார்.
பதிவேட்டைத் திறந்து காத்திருந்தேன்
அந்த ஐகாரம் முழுதாய் ஏறுவதைப் பார்க்க.
இந்த முறை ஆங்கிலத்தில் தட்டியிருந்தார்.
பதினொன்று.
பழையதும் புதியதும் பைதனும்
முதன்முதலாய் ஒத்துக்கொண்டன.